வாய் மூடிய கம்பெனிக்கு ஒரு கட்டம்

இருபத்தாறு வயதில் ரிட்டையர் ஆகிறேன். சிரிக்காதீர்கள். நம் தொழிலில் இது நல்ல ஆயுள். நான் செய்த வேலையை இப்போது மெஷின் செய்கிறது. மெஷின் செய்கிற தப்பைத் திருத்த உங்கள் மூன்று பேரையும் எடுத்திருக்கிறார்கள். உங்களுக்கும் என் வாழ்த்து.

சார் உங்களுக்கு டிரெய்னிங் கொடுத்துவிட்டார். எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று காட்டியிருப்பார். அதைத் தாண்டி எனக்குத் தெரிந்த கொஞ்சத்தை எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். நான் பத்தாவது பெயில், அதனால் பாடம் நடத்துவேன் என்று பயப்பட வேண்டாம்.

உங்கள் வீட்டில் யாராவது 'அங்கே என்ன வேலை' என்று கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். பெரிய கம்பெனிகள் எல்லாம் 'அடுத்த வருடம் இவ்வளவு விற்போம், இத்தனை பேருக்கு வேலை தருவோம், இங்கே புது யூனிட் போடுவோம்' என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருக்கும். ஆபீஸ் பாஷையில் இதற்கு கைடன்ஸ் என்று பெயர். கம்பெனி தனக்குத் தானே பார்த்துக்கொள்ளும் ஜோசியம். யார் சொன்னது, எங்கே சொன்னது, எப்போது சொன்னது என்று பொறுக்கி எடுத்துக் கட்டம் கட்டமாகப் போடுவதுதான் நம் வேலை. அதைப் பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் வாங்கி, எந்தக் கம்பெனி சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறது என்று பார்ப்பார்கள். ரோட்டோரத்தில் கிளி எடுத்துக் கொடுக்கும் சீட்டுக்கே ஒரு மரியாதை உண்டு. கிளி மறுநாள் வந்து 'நான் அந்த அர்த்தத்தில் எடுக்கவில்லை' என்று சொல்லாது.

இங்கிலீஷ் வராதவள் இங்கிலீஷ் பேச்சை எப்படிக் கேட்டாள் என்று நீங்கள் யோசிக்கலாம். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நழுவுகிற இங்கிலீஷ் தெரியும். ஓசூர் எல்லையில், ஜூஜுவாடியில் குடியிருக்கிறவளுக்கு இது பெரிய வித்தை இல்லை. வீட்டு ஓனர் தெலுங்கில் நழுவுவார், மளிகைக்காரர் கன்னடத்தில் நழுவுவார், லேபர் கான்ட்ராக்டர் தமிழையும் சேர்த்து மூன்றிலும் நழுவுவார். வாக்குக் கொடுக்கிற குரலும் நழுவுகிற குரலும் எந்தப் பாஷையிலும் ஒன்றுதான். கீழே டயர் கடை, பக்கத்தில் ஹைவே, மேலே மாடியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பெரிய மனிதர்கள் நழுவுவதைக் கேட்டுக் குறித்துவைத்தேன். சம்பளம் வந்தது.

நான் சேர்ந்த புதிதில் நடந்தது. ஒரு கம்பெனியின் பெரியவர் போனில் முதலீட்டாளர்களிடம் பேசிய ஆடியோ. பேச்சைத் தொடங்கும் முன் ஒருவர் கடகடவென்று எதையோ படித்தார். பக்கத்து சீட்டு அக்காவிடம் அர்த்தம் கேட்டேன். 'இப்போது நாங்கள் வருங்காலத்தைப் பற்றிச் சொல்லப்போவதை நம்பி நீங்கள் எதையாவது செய்தால் அதற்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று அர்த்தமாம். நான் சாரிடம் போனேன்.

"சார், இதையும் குறிக்கணுமா?"

"எதைம்மா?"

"எங்களை நம்பாதீங்கன்னு முதல்லயே சொல்றாங்களே, அதை."

"அது புள்ளையார் சுழி மாதிரிம்மா. எல்லாரும் போடுவாங்க. தள்ளிட்டுப் போ."

தள்ளிவிட்டுப் போனேன். அந்த ஆள் அன்றைக்கு மனதாரச் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான். அதற்கு நம்மிடம் கட்டம் இல்லை.

அடுத்து, பேப்பர் விஷயம். ஒரு தடவை நேரம் இல்லை என்று சார் எங்களை நியூஸ் பேப்பரிலிருந்து எடுத்துப் போடச் சொன்னார். கம்பெனி 'இவ்வளவிலிருந்து அவ்வளவு வரை வளரலாம்' என்று சொல்லியிருந்தது. பேப்பர்காரர் மேலே இருந்த 'அவ்வளவை' மட்டும் எடுத்துத் தலைப்பில் போட்டிருந்தார். 'வளரலாம்' என்பதும் 'வளரும்' ஆகியிருந்தது. நாங்கள் ஒரு கூடை கம்பெனிகளை அப்படியே ஏற்றினோம். பெங்களூர் மேடம் போன் செய்தார்.

"ஏம்ப்பா, ஒரே மாசத்துல நாட்டுல எல்லா கம்பெனியும் தைரியசாலி ஆயிடுச்சா?"

எல்லாவற்றையும் திரும்பச் செய்தோம். அதிலிருந்து நான் வைத்துக்கொண்ட கணக்கு இது. சொன்ன வாய்க்கு எவ்வளவு பக்கத்தில் போக முடியுமோ அவ்வளவு பக்கம் போ. பேப்பரை விட, கம்பெனி ஷேர் மார்க்கெட்டுக்கு அனுப்புகிற காகிதம் மேல். அதைவிட, பேசியதை டைப் செய்த பிரதி மேல். அதைவிட ஆடியோ மேல். டைப் செய்கிறவர்கள் நல்லவர்கள். பெரிய மனிதர் இருமினால் எடுத்துவிடுவார்கள், திணறினால் எடுத்துவிடுவார்கள், 'ஏதோ பார்ப்போம்' என்று இழுத்தால் இழுப்பை எடுத்துவிட்டு வாக்கியத்தை மட்டும் வைப்பார்கள். கல்யாணத் தரகர் ஜாதகத்தைத் துடைத்துக் கொடுக்கிற மாதிரி. ஆடியோவில்தான் ஆள் இருப்பான்.

அந்த ஆடியோவும் போதாத இடம் ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

என் அண்ணன் பாண்டி போன வருடம் போய்விட்டான். வண்டிகளுக்கு பிரேக் பார்ட்ஸ் செய்கிற கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தான். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து எங்கள் குடும்பம் இங்கே வந்ததே அவன் வேலைக்காகத்தான். தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவன், அன்றைக்கு மட்டும் நண்பன் கூப்பிட்டான் என்று அவன் பைக்கில் ஏறினான். பைபாஸ், மழை, லாரி. இதற்கு மேல் எனக்கு எழுத வராது. எழுதினால் ஸ்கிரீன் தெரியாமல் போகிறது.

காரியத்தன்று கம்பெனியிலிருந்து எச்ஆர் வந்தார். மாலை வாங்கி வந்திருந்தார். அண்ணியிடம் சொன்னார்: "கவலைப்படாதீங்கம்மா. புது யூனிட் வருது. வந்ததும் மொத ஆளு நீங்கதான். அதுவரைக்கும் வேற எங்கயும் சேந்துடாதீங்க, அப்புறம் வேற வருமானம் இருக்குதுன்னு மேல கேப்பாங்க."

நான் அந்த நிலையிலும் மனதுக்குள் குறித்தேன். யார் சொன்னது, எங்கே சொன்னது, எப்போது சொன்னது. 'வருது' என்றார், 'வரலாம்' என்று சொல்லவில்லை. தொழில் புத்தி. வெட்கமாக இருந்தது.

அண்ணி காத்திருந்தாள். அண்ணி பேர் தனம், தேன்கனிக்கோட்டைப் பக்கம். யானை மிதித்துப் போட்ட ராகி வயலைப் பார்த்துவிட்டு மறுநாளே விதைக்கிற ஊர்க்காரி. காத்திருப்பது அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் மாதங்கள் போயின. வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான் ஓடியது. அதற்குள் நம் ஆபீஸில் மெஷின் வந்தது. என் சம்பளத்துக்கும் முடிவு தெரிந்துவிட்டது. அப்போது பார்த்து ரோஜாப் பண்ணை ஒன்றில் அண்ணியை வேலைக்குக் கேட்டார்கள். பூ வெட்டி, முள் எடுத்து, கட்டுப் போடுகிற வேலை. வேன் வந்து கூட்டிப்போகும். சூப்பர்வைசர் சனிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொன்னார், இல்லாவிட்டால் வேறு ஆள்.

அண்ணி அன்றைக்கு எனக்குக் களியைப் போட்டு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"செல்வி, நீதான கம்பெனிங்க சொல்றதையெல்லாம் எழுதறவ. புது யூனிட் வருமா வராதா, சொல்லு. பண்ணைக்குப் போயிட்டா இது போயிடும். இதுக்கு உக்காந்துக்கினு இருந்தா அது போயிடும்."

"பாத்துச் சொல்றேண்ணி."

"பாக்கறதுக்கு என்னா இருக்குது, உங்க பொட்டியில எல்லாம் இருக்குதுன்னு உங்கண்ணன் ஊரெல்லாம் சொல்லுவாரு."

மறுநாள் ஆபீஸில் பொட்டியைத் திறந்தேன். அந்தக் கம்பெனியின் புது யூனிட் வரிசை பச்சையாக இருந்தது. உங்களுக்குத் தெரியும், பச்சை என்றால் வாக்கு உயிரோடு இருக்கிறது, நீலம் என்றால் நிறைவேறியது, சிவப்பு என்றால் 'இல்லை' என்று கம்பெனியே தன் வாயால் சொன்னது. பச்சை என்று பார்த்ததும் ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் தேதியைப் பார்த்தேன். ரொம்பப் பழையது. அதை ஏற்றியதே நான்தான்.

வாய்க்குப் பக்கத்தில் போவோம் என்று கம்பெனியின் ஆண்டுப் புத்தகங்களை எடுத்தேன். முதல் புத்தகத்தில் பூமி பூஜைப் படம், பெரிய மனிதர் பட்டு வேட்டியோடு செங்கல் வைக்கிறார். அடுத்த புத்தகத்தில் அதே படம், கொஞ்சம் சிறியதாக, 'பணிகள் வேகமாக நடக்கின்றன' என்று. அதற்கடுத்த புத்தகத்தில் படமும் இல்லை, பத்தியும் இல்லை. அந்த இடத்தில் பெரிய மனிதர் மரக்கன்று நடுகிறார்.

போன் பேச்சுகளை எடுத்தேன். யாரோ ஒருவர் ஓசூர் புது யூனிட் என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறார். டைப் செய்த பிரதியில் 'பரிசீலனையில் இருக்கிறது' என்று ஒரே வரி. ஆடியோவில் கேட்டேன். கேள்விக்குப் பிறகு நீளமான அமைதி. பின்னாலிருந்து யாரோ தமிழில் கிசுகிசுக்கிறார், "அது வேணாம் சார், தாண்டிப் போயிடுங்க." பெரிய மனிதர் தாண்டிப் போய்விட்டார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நேரில் போய்ப் பார்த்தால் என்ன என்பீர்கள். போனேன். உத்தனப்பள்ளி ரோட்டில் வேலி இருக்கிறது, போர்டு இருக்கிறது, உள்ளே ஆடு மேய்கிறது. வாட்ச்மேனிடம் கேட்டேன், எப்போது கட்டுவார்கள் என்று.

"நாளைக்கே கூட வேலை ஆரம்பிப்பாங்கம்மா. நான் சேந்ததிலருந்து நாளைக்குதான்."

அவரும் கைடன்ஸ் கொடுத்தார். காலி மனையைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. இந்த ஊரில் ஆடு மேய்ந்த இடத்தில் ஆறு மாதத்தில் கூரை ஏறியதையும் பார்த்திருக்கிறோம்.

எனக்குக் கோபம் வந்தது. சாரிடம் போனேன்.

"சார், இந்தப் பச்சையை எடுத்துட்டு சிவப்பு போடறேன்."

"வராதுன்னு சொன்னாங்களா?"

"சொல்லலை சார்."

"அப்ப வரும்."

"வரும்னும் இப்ப சொல்லலையே சார்."

"முன்னாடி சொன்னாங்கல்ல? மறுத்துச் சொல்ற வரைக்கும் பச்சைதான். ரூல் தெரியாதா உனக்கு?"

"எந்தக் கம்பெனிக்காரன் சார் மைக் முன்னாடி வந்து, நான் சொன்னது நடக்காதுன்னு சொல்லுவான்? சத்தமா சொல்றதுக்கு ஆள் வெச்சிருக்காங்க. சொல்லாம விடறதுக்கு எதுக்கு ஆளு?"

"செல்வி, போறப்ப வம்பு பண்ணிட்டுப் போகாத."

ஆனாலும் நல்ல மனிதர். என் எதிரிலேயே பெங்களூர் மேடத்துக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், அண்ணியைத் தவிர. மேடம் பொறுமையாகக் கேட்டார்.

"சிவப்பு போடாதே செல்வி. நீ சிவப்பு போட்டா அது உன் ஜோசியம். அவங்க ஜோசியத்தைத்தான் நான் காசு குடுத்து வாங்கறேன்."

"பச்சையும் பொய்தானே மேடம்."

"ஆமா."

"அப்ப சும்மா இருக்கறதுக்கு என்ன கலர் மேடம்?"

"இல்லைம்மா," என்றார். "பெரிய பெரிய டேட்டா விக்கறவங்ககிட்டயும் இல்லை. எல்லாரும் சொன்னதைச் சேத்து வெக்கறாங்க. சொல்றதை நிறுத்தினதை யாரும் சேக்கறதில்லை."

அவர் சொன்னது சரி. அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. தப்பாகச் சொன்னால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அண்ணன் போன பிறகும் கம்பெனி பஸ் தினமும் காலையில் எங்கள் தெருமுனையில் நின்றது. இரண்டு ஹாரன் அடிக்கும். அது அண்ணனுக்கான ஹாரன். அவன் எப்போதும் கடைசி நிமிடத்தில் சட்டை பட்டன் போட்டபடி ஓடுவான். பஸ் கொஞ்சம் நின்று, பிறகு போகும். முதல் வாரம் நான் காதைப் பொத்திக்கொண்டேன். அண்ணியோ தினமும் வாசலில் போய் நின்று பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஹாரன் அடித்ததும் அண்ணி சொன்னாள், "பாத்தியா செல்வி. இன்னிக்கும் நிக்குது. நம்மள மறந்திருந்தா நிப்பாட்டுவாங்களா? கம்பெனி மனசுல வெச்சிருக்குது. நான் பண்ணைக்குப் போகல. இருந்து பாக்கறேன்."

அதுதான் அவள் பச்சை. அதை நம்பித்தான் இத்தனை மாதம் உட்கார்ந்திருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் புத்தகத்திலும் ஆடியோவிலும் தேடிக்கொண்டிருந்தேன். அவளுடைய ஆதாரம் தெருமுனையில் இரண்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"வாங்கண்ணி," என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். வாய்க்குப் பக்கத்தில் போ.

டிரைவர் புது ஆள், கர்நாடகப் பக்கம் அத்திப்பள்ளிக்காரர். பஸ்ஸுக்குள் நைட் தூக்கம் தீராதவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தார்கள்.

"அண்ணா, இங்க எதுக்கு நிக்கறீங்க?" என்று கேட்டேன்.

"ஸ்டாப்பும்மா இது. பாண்டின்னு ஒருத்தர். ரெண்டு ஹாரன் அடி, ஓடி வருவாருன்னு பழைய டிரைவர் சொல்லிட்டுப் போனாரு." அவர் தெருவுக்குள் எட்டிப் பார்த்தார். "நான் வந்ததிலருந்து ஒரு நாளும் வரல. ஷிப்ட் மாத்திக்கினாரா? வேலையை விட்டுட்டாரா?"

"வரலைன்னா எதுக்கு நிக்கறீங்க?"

"லிஸ்ட்ல இருக்குதேம்மா. எடுன்னு யாரூ ஹேளில்ல. யாரும் சொல்லாம நானா எப்படி எடுக்கறது?"

சார் சொன்ன அதே ரூல், கன்னடம் கலந்து. எனக்குச் சிரிப்பு வந்தது, சத்தியமாக. அண்ணியைத் திரும்பிப் பார்த்ததும் நின்றுவிட்டது.

அண்ணி பஸ் படியில் ஒரு கையை வைத்தபடி நின்றாள். அண்ணன் ஏறுகிற படி. காரியம் முடிந்த நாளிலிருந்து அவள் வாயிலிருந்து நான் கேட்காத வார்த்தையை அப்போது சொன்னாள்.

"அவரு செத்துட்டாருங்க. இனிமே வரமாட்டாரு. நீங்க நிக்க வேணாம்."

டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டார். "எனக்குத் தெரியாதும்மா," என்றார். பிறகு, "லிஸ்ட்ல பேரை எடுக்கறது ஆபீஸ் வேலை. எப்ப எடுப்பாங்களோ. ஆனா நான் இனிமே ஹாரன் அடிக்கல," என்றார். உள்ளே ஒருவர் தலைத்துண்டை எடுத்து எங்களைப் பார்த்தார். அண்ணனைத் தெரிந்தவராக இருக்கலாம். இத்தனை நாள் அந்த இரண்டு ஹாரனையும் கேட்டுக்கொண்டுதான் வந்திருப்பார். சொல்வது அவர் வேலையும் இல்லை.

அண்ணி எனக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "உன் போனைக் குடு," என்றாள். பண்ணை சூப்பர்வைசருக்குப் போட்டாள். சனிக்கிழமை வரை கூடக் காத்திருக்கவில்லை.

நான் ஆபீஸுக்கு வந்து அந்த வரிசைக்குப் போனேன். பச்சையை மாற்றவில்லை. மேடம் சொன்னது போல அது என் ஜோசியம் ஆகிவிடும். ஓரத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டேன். 'கடைசியாக வாய் திறந்தது' என்று தலைப்பு. அதற்குக் கீழே, யூனிட்டைப் பற்றி அவர்கள் கடைசியாக எங்கே, எப்போது பேசினார்கள் என்று மட்டும் எழுதினேன். வரும் என்றும் எழுதவில்லை, வராது என்றும் எழுதவில்லை. சார் பார்த்துவிட்டு, "இது யாரு கேட்டா?" என்றார். "யாரும் கேக்கலை சார், அதான் போட்டேன்," என்றேன். மேடத்துக்கு அனுப்பினார். மேடத்திடமிருந்து பதில் வந்தது: எல்லாக் கம்பெனிக்கும் போடுங்கள்.

முடிந்தவரை போட்டிருக்கிறேன். மீதி உங்களுக்கு. எளிதான வேலை என்று நினைக்காதீர்கள். பேசியதைத் தேடினால் கிடைத்ததும் நிறுத்திவிடலாம். பேசாததைத் தேடினால் கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டும். மரக்கன்று நடுகிற படம் வரைக்கும். மெஷின் இதைச் செய்யாது என்று சார் பெருமையாகச் சொல்வார். நம்பாதீர்கள், அதுவும் கைடன்ஸ்தான். செய்யச் சொன்னால் செய்யும். செய்யச் சொல்ல வேண்டும் என்று யாருக்காவது தோன்ற வேண்டும், அவ்வளவுதான்.

அந்த பிரேக் பார்ட்ஸ் கம்பெனி வரிசை உங்களில் ஒருவருக்கு வரும். புது யூனிட் உண்மையிலேயே எழுந்துவிட்டால் நேர்மையாக நீலம் போடுங்கள். என்னிடம் சொல்லுங்கள், நான் திட்ட மாட்டேன். அண்ணியிடம் சொல்ல வேண்டாம்.

அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று சார் கேட்டார். "பார்க்கலாம் சார்," என்றேன். இதை எந்தக் கட்டத்திலும் ஏற்றாதீர்கள்.

கம்பெனி பஸ் இப்போது எங்கள் தெருமுனையில் வேகத்தைக் கூடக் குறைக்காமல் போகிறது. பண்ணை வேனும் அதே முனைக்குத்தான் வருகிறது. அதன் டிரைவர் ஹாரன் அடிப்பதில்லை, அடிக்க அவசியமும் இல்லை. அவர் வருவதற்கு முன்பே அண்ணி அங்கே போய் நின்றுவிடுகிறாள்.